கருமுட்டை எல்லோருக்கும் 14-ம் நாள்தான் வெளிவருமா?

கேள்வி: என் வயது 28. திருமணமாகி எட்டு மாதங்கள் ஆகின்றன. குழந்தைக்காக முயற்சி செய்கிறோம். எனக்கு 34, 35 நாள்களுக்கு ஒருமுறை பீரியட்ஸ் வரும். கருமுட்டை வெளிவரும் என்று சொல்லப்படும் 14-ம் நாளில்தான் தாம்பத்ய உறவு வைத்துக்கொள்கிறோம். ஆனாலும் கரு தங்கவில்லை. 'குறை உன்னிடம்தான்' என்கிறார் மாமியார். எனக்கு ஏதேனும் பிரச்னை இருக்குமா?

பதில்: பிரச்னை உங்கள் கணக்கில் இருக்கலாம். 14-ம் நாள் என்பது 28 நாள் சுழற்சி உள்ளவர்களுக்கான தோராயக் கணக்கு.

ரத்தப்போக்கு தொடங்கும் நாள்தான் சுழற்சியின் முதல் நாள். அதன்பின் சினைப்பையில் சில நுண்ணறைகள் வளரும். அவற்றில் பொதுவாக ஒன்று மட்டுமே முழுமையாக முதிரும். மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து எல்.ஹெச் ஹார்மோன் திடீரென அதிகமாகச் சுரக்க, சுமார் ஒன்றரை நாளில் அந்த நுண்ணறை வெடித்து முட்டை வெளிவரும். முட்டை முதிர எடுக்கும் காலம் பெண்ணுக்குப் பெண் மாறும். வெளிவந்த பிறகு அடுத்த பீரியட்ஸ் வரையிலான காலம் பெரும்பாலும் 12 முதல் 14 நாள்கள். எனவே, பின்னாலிருந்து எண்ணுங்கள். உங்களுக்கு 20, 21-ம் நாள் வாக்கில்தான் முட்டை வெளிவர வாய்ப்பு அதிகம்.

முட்டையின் ஆயுள் 12 முதல் 24 மணி நேரம் மட்டுமே. விந்தணுக்களோ பெண்ணின் உடலில் ஐந்து நாள்கள் வரை உயிருடன் இருக்கக்கூடும். நீங்கள் 14-ம் நாளோடு நிறுத்திக்கொண்டால், முட்டை வரும்போது விந்தணு இருக்காது. 15 முதல் 22-ம் நாள் வரை, ஒருநாள் விட்டு ஒருநாள் சேருங்கள்.

உடலும் அறிகுறி காட்டும். அந்த நாள்களில் வெள்ளைப்படுதல், பச்சை முட்டையின் வெள்ளைக்கருபோல வழுவழுப்பாக, இழுத்தால் நீளும்படி இருக்கும். மருந்துக்கடைகளில் கிடைக்கும் ஓவுலேஷன் கிட் மூலம் சிறுநீரிலும் பார்க்கலாம். பி.சி.ஓ.எஸ் உள்ளவர்களுக்கு மட்டும் அது தவறாகக் காட்டக்கூடும்.

ஓராண்டு முயன்றும் கரு தங்காவிட்டால் (35 வயதைக் கடந்தவர்கள் ஆறு மாதங்களிலேயே) மருத்துவரைப் பாருங்கள். பீரியட்ஸ் 35 நாள்களைத் தாண்டித் தள்ளிப்போனால் காத்திருக்க வேண்டாம். கணவரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். குழந்தையின்மைக்கான காரணம் ஆணிடமும் இருக்கலாம். விந்துப் பரிசோதனை எளிமையானது. அதைச் செய்யாமல் 'குறை உன்னிடம்தான்' என்று யாராலும் சொல்ல முடியாது.