தீவாந்தரம் சென்ற பெண்டிர்

செஞ்சி என்றவுடன் நம் நெஞ்சில் எழுவோர் தேசிங்குராசனும் அவன்பொருட்டு உடன்கட்டை ஏறிய அரசியும் ஆவர். கி.பி. 1714இல் நிகழ்ந்த அப்போரைக் கதைப்பாடல் தலைமுறை தலைமுறையாகப் பேணி வந்துள்ளது. கோட்டையையும் சிங்கவரத்துக் குடைவரையையும் காணவரும் மாணவர்க்கு நாமும் அக்கதையையே சொல்கிறோம். 2025இல் யுனெஸ்கோ அக்கோட்டையை உலகப் பாரம்பரியச் சின்னங்களுள் சேர்த்தது நமக்கெல்லாம் பெருமையே. ஆயினும் தீயில் புகுந்த அரசியைப் பாடிய நாடு, கப்பலேற்றப்பட்ட எளிய பெண்ணைப் பற்றி ஏன் வாய் திறக்கவில்லை என்னும் வினா என்னை நெடுநாளாக உறுத்தி வருகின்றது.

'தீவாந்தரம்' என்னும் சொல்லை முதியோர் அறிவர். துவீபாந்தரம் என்னும் வடசொல்லின் தமிழ் வடிவம் அது. வேற்றுத் தீவு என்பதே பொருள். கும்பினியார் ஆட்சியில் அச்சொல் ஒரு தண்டனையின் பெயராயிற்று. 1787 முதல் சுமத்திராவின் பென்கூலனுக்கும், 1790 முதல் பினாங்குக்கும் இந்தியக் கைதிகள் அனுப்பப்பட்டனர். தென்னார்க்காடு 1801இல் கும்பினியார் கைக்கு வந்தபின் செஞ்சிச் சீமையின் குற்றவாளிகளும் அந்நீதிமன்றங்களுக்கே உட்பட்டனர்.

1825 ஏப்ரல் 18ஆம் நாள் 'ஹொரேஷியோ' என்னும் கப்பல் பென்கூலனிலிருந்து சிங்கப்பூர் வந்து சேர்ந்தது. அதில் இருந்தோர் மதராசிலிருந்து நாடு கடத்தப்பட்ட 80 கைதிகள். சிங்கப்பூர் கண்ட முதற் கைதிக் கூட்டம் அதுவே. அந்த எண்பதின்மருள் பெண் ஒருத்தி. கைதிகளைக் கண்காணித்த மக்நேர் 1899இல் எழுதிய நூலில் இக்கணக்கைத் தருகிறார். ஒருத்தி என்னும் எண்ணைத் தவிர அவளைக் குறித்து அக்கணக்கில் வேறொன்றும் இல்லை. கொலை செய்தவளா, படி நெல் திருடியவளா? எழுபத்தொன்பது ஆடவரிடையே அவள் அக்கடலை எவ்வாறு கடந்தாள்? எண்ணத் தெரிந்த அரசுக்குப் பெயர் சொல்லத் தோன்றவில்லை. அக்கைதிகளின் உழைப்பால் எழுந்த புனித ஆண்ட்ரூ பேராலயத்தின் சுவருக்கு முட்டை வெண்கருவும் வெல்லமும் சேர்த்து நம்மூர்ச் சுண்ணாம்புக் கலவை பூசப்பட்ட செய்தியை வரலாற்று நூல்கள் வியந்து உரைக்கின்றன. சுண்ணாம்புக்குக் கிடைத்த இடம் அவளுக்குக் கிடைக்கவில்லை!

சிறு திருட்டுக்குத் தீவாந்தரமா என்று ஐயுறுவோர் 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்தை நோக்குக. களவுக்கு உச்ச தண்டனை மூன்றாண்டுச் சிறையே. ஆனால் ஒருமுறை தண்டனை பெற்றவர் மீண்டும் களவாடின், ஆயுட்காலத் தீவாந்தரம் விதிக்கவும் அதன் 75ஆம் பிரிவு வழிசெய்தது. பொருளின் மதிப்பு அங்கே கேள்வியே அன்று. பஞ்ச ஆண்டில் களவுக்குரிய தண்டனையை நிறுத்திவைத்த கலீஃபா உமர் (ரலி) அவர்களின் நீதியை இதனோடு ஒப்பிட்டுப் பார்க்கத் தோன்றுகின்றது. ஆராயாது களவுப் பட்டம் சூட்டிய பாண்டியனிடம் வழக்குரைக்கக் கோவலனுக்கேனும் ஒரு கண்ணகி இருந்தாள்.

1858இல் அந்தமான் கைதிக் குடியேற்றம் தொடங்கியபின் நிலைமை வேறாயிற்று. அங்குச் சென்ற பெண்களுள் பெரும்பாலோர் கொலைக் குற்றம் சாட்டப்பட்டோரே என்பதை மறைக்க வேண்டியதில்லை. பெற்ற சிசுவைக் கொன்றதாகத் தண்டிக்கப்பட்ட கைம்பெண்களும் அவர்களுள் இருந்தனர். எனினும் அரசு அவர்களை வேண்டி வரவழைத்ததன் காரணம் வேறு. ஆடவர் மட்டுமே நிறைந்த தீவில் குடும்பங்கள் உருவாக வேண்டும். நன்னடத்தையுடைய கைதி, பெண் கைதியருள் ஒருத்தியைத் தேர்ந்து மணக்கலாம் என்பது ஏற்பாடு. தண்டனை என்று பெயர். நடந்ததோ பெண் தேடல். தீவாந்தரம் என்னும் தண்டனையே 1955ஆம் ஆண்டுத் திருத்தத்தால்தான் சட்டத்திலிருந்து நீங்கியது.

இதே கணக்கில்தான் ஆங்கிலேயர் தம் பெண்களையும் ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பினர். 1788 முதல் ஏறத்தாழ 25,000 பெண்கள் அங்குச் சென்றனர். துணியும் உணவும் திருடியோர் அவர்களுள் பலர். மேரி வேடு என்பவள் 1789இல் இன்னொரு சிறுமியின் உடைகளைப் பறித்ததற்காகத் தூக்குத் தண்டனை பெற்றபோது வயது பதினொன்று! அத்தண்டனை மாற்றப்பட்டு, 1790இல் சிட்னியில் இறங்கினாள். முன்னாள் பிரதமர் கெவின் ரட் அவள் வழிவந்தவர். ஒருகாலத்தில் ஒளித்த மரபை இன்று அந்நாட்டவர் ஊரறியச் சொல்கின்றனர். ஹோபார்ட் நகரிலுள்ள பெண் கைதியர் சிறை 2010இல் உலகப் பாரம்பரியச் சின்னமாயிற்று. நம் செஞ்சிக் கோட்டை இன்று பெற்றிருப்பதும் அதே தகுதிதான்.

அவர்கள் ஏட்டில் பெயர் இருந்தது, தேடவும் செய்தார்கள். நாமோ குடும்ப மானம் கருதி வாளாவிருந்தோம். திருடியவள் நம் குலத்தவள் அல்லள் என்று சொல்லிக்கொள்வதில் இந்து, முஸ்லிம், கிறித்தவர் என்ற வேறுபாடு நம்மிடம் இல்லை.

கும்பினிக் காலத்து நீதித்துறை ஆவணங்களும் தென்னார்க்காட்டு மாவட்டப் பதிவேடுகளும் எழும்பூர்த் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் உள்ளன. சங்க இலக்கியத்தில் உவமை என்று நூறாவது ஆய்வேட்டை எழுதும் நம் மாணவர், சில மாதங்களேனும் அங்குச் சென்று அமரலாகாதா? இது வரலாற்றுத் துறையின் வேலை என்று தள்ளவும் இயலாது. வெள்ளை எழுத்தர் காதில் விழுந்தவாறு எழுதிய மீனாட்சியையும் பாத்திமாவையும் அந்த ஆங்கில எழுத்துக் கூட்டலிலிருந்து மீட்டு, ஊர்ப்பெயரையும் பிரித்தறியத் தமிழ் படித்தவரே வேண்டும்.