கரையோரம் மஸ்கெலியாவில் தொடங்குகிறது

"இந்த முறை கடற்கரை பற்றி எழுதப்போறோம்" என்று சொன்னதும் வந்த முதல் கேள்வி இதுதான்: "தோட்டத்துப் பிள்ளைகளுக்குக் கடல் எதுக்கு?" கேட்டவர்கள் வெளியாட்கள் இல்லை, எங்க ஆட்கள்தான். கேள்வியில் நியாயம் இருக்கிற மாதிரித்தான் தெரியும். ஹட்டனிலும் நுவரெலியாவிலும் பிறந்த எங்களில் பலருக்குக் கடல் என்பது எப்போதாவது பஸ் பிடித்துப் போய்ப் பார்த்துவிட்டு வருகிற ஒரு இடம். எங்கள் பிரச்சினைகள் சம்பளம், காணி, லயன் கூரை, மண்சரிவு. கடலரிப்பு நீர்கொழும்பு ஆட்களின் பிரச்சினை.

இப்படிப் பிரித்து வைத்திருப்பதுதான் பிழை என்கிறோம். அந்தப் பிழையால் லாபம் அடைகிறவர்கள் இருக்கிறார்கள் என்றும் சொல்கிறோம்.

கரையோரத்தை நாங்கள் படித்த விதத்தை யோசித்துப் பாருங்கள். அலை அரிக்கும், அலை படிய வைக்கும். முனை, குடா, களப்பு, மணல் நாக்கு. பெயர்களைப் பாடமாக்கி, படத்தில் குறித்துக் காட்டினால் புள்ளி கிடைக்கும். ஆறு வேறு அலகு, மலை வேறு அலகு. அலை படிய வைக்கிற அந்த மணல் எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்கவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

அந்த மணலில் பெரும்பங்கு மலையிலிருந்து வருகிறது. மத்திய மலைநாட்டின் பாறைகள் மிகப் பழையவை. மழையும் வெயிலும் பட்டு அவை உக்கும்போது மென்மையான கனிமங்கள் களியாகின்றன. குவார்ட்ஸ் மட்டும் லேசில் உக்காது, மணியாக உதிரும். அதை ஓடை உருட்டும், ஆறு இழுத்துப் போகும், கடலில் விடும். அதன்பிறகுதான் அலையின் வேலை. மேற்குக் கரையில் தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்து அலைகள் கரையில் சாய்வாக வந்து மோதுவதால், மணல் கொஞ்சம் கொஞ்சமாக வடக்கே நகர்கிறது. ஆகவே கடற்கரை ஒரே இடத்தில் நிற்கிற பொருள் அல்ல. வரவும் செலவும் உள்ள கணக்கு அது. வரவு குறைந்தால் கடல் உள்ளே வரும்.

இந்தக் கணக்கைக் களனி கங்கையில் பார்ப்போம். 145 கிலோமீற்றர் ஓடும் இந்த ஆற்றின் தலை, கெசல்கமுவ ஓயாவும் மஸ்கெலியா ஓயாவும். அதாவது நோர்வூட், பொகவந்தலாவை, மஸ்கெலியா மலைகள். ஆறு கொழும்புத் துறைமுகத்துக்குச் சற்று வடக்கே கடலில் சேர்கிறது. அங்கிருந்து வடக்கே உஸ்வெட்டகெய்யாவ, நீர்கொழும்பு வரைக்கும் உள்ள கரைக்கு மணல் கொடுக்கும் முக்கிய கை இதுதான். ஏனென்றால் தெற்கிலிருந்து வரும் மணலை, 1875இல் கட்டத் தொடங்கிய துறைமுக அலைதடுப்பு ஏற்கனவே மறித்துவிட்டது.

இந்தியத் தமிழர்களுக்கு இந்தக் கதை புதிதில்லை. சென்னையில் துறைமுகச் சுவர் கட்டிய பிறகு தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகன்றது, வடக்கே ராயபுரம் பக்கம் கடல் தின்றது. ஒரே சுவர்தான். ஒரு பக்கம் காற்று வாங்கப் போகிறவர்களுக்குப் பூங்கா கிடைத்தது, மறுபக்கம் மீனவருக்கு வீடு போனது.

களனிக்கு வருவோம். மேலே காசல்ரீ, மவுசாக்கலை, நோர்ட்டன், கென்யன், லக்சபான என்று வரிசையாக அணைகள். மவுசாக்கலை அணைக்காக மஸ்கெலியாவின் பழைய டவுனே தண்ணீருக்குள் போனது. நீர்மட்டம் இறங்கும் காலத்தில் பழைய கோயிலும் கட்டடங்களும் வெளியே தலைகாட்டும், சனம் போய்ப் பார்க்கும், பத்திரிகையில் படம் வரும். அதே நீர்த்தேக்கத்தின் அடியில் இன்னொன்றும் கிடக்கிறது. அதை யாரும் படம் பிடிப்பதில்லை. கடலுக்குப் போயிருக்க வேண்டிய மணல் அது. அணை தண்ணீரை மட்டுமா நிறுத்துகிறது? தண்ணீரைச் சுரங்கக் குழாய் வழியாக விட்டு மின்சாரம் எடுக்கலாம். மணலை அப்படி விட முடியாது. 1970இல் கட்டி முடித்த அஸ்வான் உயர் அணைக்குப் பிறகு நைல் நதியின் கழிமுகத்தைக் கடல் எப்படி அரித்தது என்று உலகமே படித்தது. எங்கள் அணைகளை நாங்கள் அப்படிப் படித்தோமா?

பழி முழுவதையும் அணைகள் மேல் போடவில்லை. களனியின் கீழ்ப்பகுதியில் கட்டடங்களுக்காக மணலைத் தோண்டித் தோண்டி ஆற்றின் படுக்கையே தாழ்ந்துபோனது. கடல் உப்பு அம்பத்தளை வரை ஏறி, கொழும்பின் குடிநீரைக் காப்பாற்ற ஆற்றுக்குக் குறுக்கே தடுப்புப் போட வேண்டி வந்தது. பிறகு துறைமுக நகரம்: 269 ஹெக்டேயர் புதிய நிலம், கடலடி மணலைத் தோண்டி நிரப்பியது. நீர்கொழும்பு மீனவர்கள் வீதிக்கு இறங்கியபோது, அபிவிருத்திக்கு எதிரானவர்கள் என்று பெயர் வாங்கினார்கள். மேலே மறிப்பு, நடுவில் தோண்டல், கரையில் கல் கொட்டல். மூன்றும் ஒரே கணக்கின் செலவுப் பக்கம்.

ஆனால் சட்டம் என்ன சொல்கிறது? 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரப் பாதுகாப்புச் சட்டத்தின்படி கரையோர வலயம் என்பது தரைப்பக்கம் 300 மீற்றர், கடற்பக்கம் 2 கிலோமீற்றர். ஆறு கடலில் சேரும் இடத்தில் மட்டும் 2 கிலோமீற்றர் உள்ளே போகலாம். அத்தோடு கரையோரம் முடிந்தது. அதற்கு மேலே அணை மின்சார சபைக்கு, மணல் அனுமதி புவிச்சரிதவியல் பணியகத்துக்கு, மண்சரிவு கட்டட ஆராய்ச்சி நிறுவனத்துக்கு, தேயிலை மலை கம்பெனிக்கு. ஒரு ஆறு, ஆளுக்கொரு துண்டு. 300 மீற்றருக்குள் நின்று பார்க்கிறவனுக்குக் கடல்தான் குற்றவாளியாகத் தெரியும். கல் கொட்டுவதைத் தவிர வேறு தீர்வும் தெரியாது. கல் கொட்டிய இடம் தப்பும், அடுத்த ஊர் அரிபடும்.

தப்பித் தவறி மேலே பார்த்தாலும் கண்ணில் படுவது யார்? "தோட்டத்து மண் கரைஞ்சு வருது, மரக்கறித் தோட்டம் போடுறாங்க" என்று பேச்சு எங்கள் பக்கம்தான் திரும்பும். மண் கரைவது உண்மைதான். பொல்கொல்ல, ரன்தெம்பே நீர்த்தேக்கங்களில் சேர்ந்த சேறே சாட்சி. ஆனால் காட்டை வெட்டிக் கோப்பி போட்டது யார்? கோப்பி நோயில் போன பிறகு அதே சரிவில் தேயிலை போட்டது யார்? வரிசைக்கு இடையே ஒரு புல்லும் இருக்கக் கூடாது என்று சுத்தமாக வழிக்கச் சொன்ன துரைமார் யார்? மண்ணைக் காக்கக் கான் வெட்டினது எங்கள் தாத்தாமார். கான் வெட்டுக்கு ஆள் போடாமல் செலவைக் குறைப்பது யார் எடுக்கிற முடிவு? அந்தச் சரிவு ஒருநாள் சரிந்தால் அடியில் நிற்பது லயன்தான். 2014 ஒக்டோபர் 29 மீரியபெத்தையை மறக்க முடியுமா? சொந்தக் காணி இல்லாதவன் எந்தச் சரிவின் கீழே குடியிருப்பது என்று தானே தீர்மானிப்பதில்லை. அங்கே அதை இயற்கை அனர்த்தம் என்பார்கள், கீழே கடலரிப்பு என்பார்கள். இரண்டு கோப்பு, இரண்டு அமைச்சு, ஒரே மண்.

"அப்ப கரண்ட் வேணாமா?" என்று கேட்பீர்கள். வேண்டும். அணையை உடைக்கச் சொல்லவில்லை. ஒவ்வொரு நீர்த்தேக்கத்திலும் எவ்வளவு மணல் தங்குகிறது என்று அளந்து, ஆண்டுதோறும் எல்லோருக்கும் தெரிய வெளியிடுங்கள். ஆற்று மணலுக்கு அனுமதி கொடுக்கும்போது அந்த ஆறு ஊட்டுகிற கரையையும் கணக்கில் எடுங்கள். கரையோரத் திட்டம் போடுகிற மேசையில் மலையகத்துக்கும் ஒரு கதிரை வையுங்கள்.

எங்கள் தலைமுறைக்கும் ஒன்று சொல்ல வேண்டும். உயர்தரத்தில் புவியியல் எடுக்கிற தம்பி, தங்கச்சிமாரே, செயற்றிட்டத்துக்குக் கடற்கரை கிடைக்கவில்லை என்று கவலைப்படாதீர்கள். மழை விட்டதும் உங்கள் மலைக் கானில் தங்கியிருக்கும் மண்ணை ஒரு கைப்பிடி அள்ளிக் கழுவிப் பாருங்கள். களி கரைந்து போகும், மினுங்கும் மணிகள் கையில் நிற்கும். நீர்கொழும்புக் கரைக்குக் கிடைக்க வேண்டியது அதுதான். வீடு இழக்கிற அந்த மீனவரும் லயனில் இருக்கிற நாங்களும் ஒருவரை ஒருவர் பார்த்ததில்லை. ஆனால் ஒரே ஆற்றின் இரண்டு நுனியில் நின்று ஒரே மண்ணைத்தான் இழந்துகொண்டிருக்கிறோம்.

கடல் எங்களுக்கு எதுக்கு என்று இனிக் கேட்காதீர்கள்.