வரிசையில் கிடைத்த நேரம்



மார்கழிப் பனி நம் தேன்கனிக்கோட்டையில் காலை எட்டு மணிக்கும் விலகுவதில்லை. சென்ற டிசம்பரில், கிறிஸ்து பிறப்பு விழா முடிந்து மூன்றாம் நாள், குடிலில் பரப்பிய வைக்கோல் இன்னும் வாடாதிருந்த ஒரு காலைப்பொழுதில், வயது முதிர்ந்த ஓர் அம்மையார் நம் பங்கு இல்லத்துத் திண்ணையில் வந்து அமர்ந்தார். விழாவுக்காகத் தம் சிற்றூரிலிருந்து மகன் வீட்டுக்கு வந்திருந்தவர் அவர்.

"சாமி, என் மகனுக்கும் மருமகளுக்கும் நீங்கள்தாம் புத்தி சொல்ல வேண்டும்" என்றார். குற்றம் யாதென வினவினோம்.

"பெங்களூருக்கு அப்பால் பிடதியில் வொண்டர்லா என்று ஒரு பூங்காவாம். விடியும் முன்னே இருவரும் புறப்பட்டுப் போய்விட்டார்கள். கல்யாணமாகி இரண்டு வருடம் ஆயிற்று. மடியில் ஒரு பிள்ளை இல்லை. கடனோ தலைக்கு மேல் நிற்கிறது. பிள்ளை குட்டியோடு போனாலும் ஓர் அர்த்தம் உண்டு. இரண்டு பேர் மட்டும் போய்த் தண்ணீரில் குதிப்பதற்கு ஒரு மாதத்து மளிகைப் பணமா?"

உண்மையைச் சொல்வதானால், நாமும் தலையசைத்தோம். "வரட்டும், பேசுகிறோம்" என்று அம்மையாரைத் தேற்றி அனுப்பினோம். அத்தோடு நில்லாமல், விடுமுறைக் காலத்து வீண்செலவு குறித்து அடுத்த ஞாயிறு மறையுரைக்கென நான்கைந்து குறிப்புகளும் எழுதி வைத்தோம். அக்குறிப்புத் தாளை நாம் ஏன் கிழித்தெறிய நேர்ந்தது என்பதே இத்திங்களின் பேச்சு.

இரண்டு நாள் கழித்து அவ்விளந்தம்பதியர் தாமாகவே நம்மைக் காண வந்தனர். அவர்கள் கூறியது பாவசங்கீர்த்தனத் தொட்டியில் அன்று. திண்ணையில் அமர்ந்து, வெளிப்படையாகக் கூறியது. பிற குடும்பங்களுக்குப் பயன்படுமாயின் எழுதலாம் என அவர்களே இசைவளித்த பின்னரே எழுதுகிறோம். பெயரும் அடையாளமும் வேண்டா.

கணவர் ஓசூரில் ஓர் உதிரிபாக ஆலையில் பணிபுரிகிறார். மனைவி மற்றோர் ஆலையில் மின்னணுக் கருவிகள் பொருத்தும் பிரிவில். இரண்டிலும் ஷிப்ட் முறை. இவருக்குக் காலை ஷிப்ட் அமையும் வாரத்தில் அவருக்கு இரவு ஷிப்ட். இவருக்கு இரவு அமையும் வாரத்தில் அவருக்குக் காலை. வாரவிடுமுறையும் ஒரே நாளில் வருவது அரிது. வந்தாலும் ஓவர்டைம் அழைக்கும். கேழ்வரகு அறுவடைக் காலத்தில் பன்னர்கட்டாக் காட்டிலிருந்து யானைகள் இறங்கிவரும் நம் பகுதியில், இருள் விலகாத சாலையோரத்தில் கம்பெனிப் பேருந்துக்குக் காத்து நிற்பவர் எத்தனை பேர்! ஒருவர் இறங்கும் வேளையில் மற்றவர் ஏறுவார். சமையல் மேடையில் மூடி வைத்த சோறே அவ்விருவருக்குமிடையே தூதுவன்.

இது அவ்வொரு வீட்டுக் கதை மட்டுமன்று. 1970-களில் சிப்காட் தொழிற்பேட்டை அமைந்தது முதல் ஓசூர் வளர்ந்த வேகத்தை நாம் அனைவரும் அறிவோம். பெண்களை ஆலைகளில் இரவுப் பணியில் அமர்த்தலாகாது என 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் விதித்திருந்த தடையை, 2000-ஆம் ஆண்டில் சென்னை உயர் நீதிமன்றம் செல்லாதென அறிவித்து, அவர்களின் பாதுகாப்புக்கு நிபந்தனைகளையும் வகுத்தது. அத்தீர்ப்பால் நம் பெண்மக்களுக்கு வேலையும் ஊதியமும் தன்மதிப்பும் பெருகியுள்ளன. அதை நாம் குறை கூறோம். ஆயினும் கணவனும் மனைவியும் ஒரே வேளையில் விழித்திருக்கும் நேரத்தை எந்தச் சட்டமும் எந்த நீதிமன்றமும் வழங்க இயலாது. அதை அவர்களே தேடிக்கொள்ள வேண்டும்.

அத்தம்பதியர் அவ்வாறு தேடியதுதான் அந்த ஒரு நாள். நான்கு திங்களுக்குப் பின் இருவருக்கும் ஒருசேர வாய்த்த விடுமுறை அது. ஓசூர் சென்று, அத்திப்பள்ளி எல்லையைத் தாண்டி, பெங்களூரில் பேருந்து மாறி, மைசூர் சாலையில் பிடதி வரை நெடும்பயணம். வழியெல்லாம் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து உறங்கினார்களாம். பிடதியில் இறங்கி, அவ்வூரின் பெயர் பெற்ற தட்டு இட்லியை உண்டு, பத்து மணிக்கெல்லாம் பூங்கா வாயிலை அடைந்தனர்.

கேரளத்துத் தொழிலதிபர் கொச்சவுசேப் சிட்டிலப்பிள்ளி 2000-இல் கொச்சிக்கருகே முதல் பூங்காவைத் தொடங்கி, 2005-இல் பிடதியில் இதனைத் திறந்தார். எண்பது ஏக்கருக்கு மேற்பட்ட பரப்பு. நீர் விளையாட்டுகள், சுழலும் இராட்டினங்கள், தலைகீழாய்ப் புரட்டும் தண்டவாள வண்டிகள் எனப் பலவும் உண்டு. விடுமுறைக் காலமாதலின் அன்று பெருங்கூட்டம். பெரிய தண்டவாள வண்டி ஒன்றுக்கு ஒரு மணி நேரத்துக்கும் மேலாக வரிசையில் நிற்க வேண்டியிருந்தது.

நிற்கும் வேளையில் செய்வதற்கு வேறு வேலை இல்லை. சமைக்க வேண்டாம், உறங்க இயலாது, பேருந்து தவறிவிடும் என்ற அச்சம் இல்லை. எனவே இருவரும் பேசினர். முதலில் ஆலைக் கதை; பிறகு அடுத்த வீட்டுக் கதை; பிறகு பழைய கதை. வரிசை மெல்ல நகர்ந்து நுழைவாயிலை நெருங்கியது. அங்கே ஓர் அறிவிப்புப் பலகை. இதய நோயாளர், முதுகுவலியுள்ளோர், கர்ப்பிணிகள் ஏறலாகாது என்று, படம் வரைந்து எழுதியிருந்தது. வயிறு புடைத்த பெண்ணுருவம் ஒன்று. அதன் குறுக்கே ஒரு சிவப்புக் கோடு. மனைவி அப்படத்தைப் பார்த்தவாறே நின்றுவிட்டார்.

"பயமா?" என்று கணவர் நகைத்தார். விடையில்லை. திரும்பிப் பார்த்தபோது அவர் கண்களில் நீர் வழிந்துகொண்டிருந்தது.

வரிசையை விட்டு விலகி ஒரு மரத்தடிக்கு வந்தனர். அங்கேதான் மனைவி சொன்னார்: நான்கு திங்களுக்கு முன், தாம் கருவுற்றிருப்பதை அறிந்து, மருத்துவர் உறுதி செய்தபின் கணவரிடம் சொல்லலாம் எனக் காத்திருந்த அந்த ஒரு வாரத்திலேயே கரு கலைந்துவிட்டது. உடன் பணிபுரியும் தோழி ஒருத்தியே மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றாள். மறுநாளே ஷிப்டுக்கும் போய்விட்டார்.

"என்னிடம் ஏன் சொல்லவில்லை?" என்று கணவர் கேட்டார்.

"நீங்கள் இரவு வேலை முடித்து வந்து உறங்கிக்கொண்டிருந்தீர்கள். எழுப்ப மனம் வரவில்லை."

கணவர் நெடுநேரம் வாய் திறக்கவில்லையாம். பிறகு, "எழுப்பியிருக்கலாம்" என்று மட்டும் சொன்னாராம்.

அன்பர்களே, இதைக் கேட்டபோது நமக்கு நம் குறிப்புத் தாள் நினைவுக்கு வந்தது. அவ்வீட்டை ஆண்டுதோறும் மந்திரித்து வந்தவர் நாமே. வாசலில் தீர்த்தம் தெளித்தோம். சுவரில் தொங்கிய திருஇருதயப் படத்தின் முன் செபித்தோம். வேலை எப்படி, ஊதியம் எப்படி என வினவினோம். "நீங்கள் இருவரும் எப்போது பேசிக்கொள்கிறீர்கள்?" என்று ஒரு நாளேனும் வினவினோமில்லை.

குருமடத்தில் பயின்ற ஒரு செய்தியும் அன்று நம் நெஞ்சைக் குத்தியது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் வாழ்ந்த புனித தோமாஸ் அக்குவினாஸ், தமது பெரும் இறையியல் நூலில், அளவோடு விளையாடி இளைப்பாறுதலும் ஒரு நற்பண்பே என நிலைநாட்டுகிறார். அதற்குச் சான்றாகப் பழந்துறவியர் சொல்லிவந்த கதையொன்றையும் எடுத்தாள்கிறார். திருத்தூதர் அருளப்பர் தம் சீடரோடு விளையாடிக்கொண்டிருக்கக் கண்டு சிலர் முகம் சுளித்தனராம். அவர்களுள் ஒருவன் கையில் வில் இருந்தது. அம்பெய்யுமாறு அருளப்பர் அவனைப் பணித்தார். மீண்டும் மீண்டும் எய்வித்தார். "ஓயாது இவ்வாறே எய்ய இயலுமா?" என்று வினவினார். "இயலாது, வில் முறிந்துவிடும்" என்றான் அவன். மனித உள்ளமும் அவ்வாறே என்றார் அருளப்பர். இதை மாணவப் பருவத்தில் தேர்வுக்கெனப் படித்தோம். அம்மையார் திண்ணையில் அமர்ந்திருந்த அன்று மறந்தோம்.

கேளிக்கைப் பூங்காக்களின் வரலாறும் நாம் எண்ணியது போன்று கேடானதன்று. 1884-இல் நியூயார்க்கின் கோனித் தீவில் தண்டவாள விளையாட்டு வண்டியை அமைத்துப் புகழ் பெற்ற தாம்ப்சன் என்பவர் மறைப்பற்று மிக்கவர். மதுக்கூடங்களை நாடும் மக்களுக்கு மாசற்ற பொழுதுபோக்கு ஒன்றைத் தர விரும்பியவர். 1955-இல் அமெரிக்காவில் டிஸ்னிலாந்தைத் திறந்த வால்ட் டிஸ்னியோ, தம் புதல்வியர் குதிரை இராட்டினத்தில் சுற்றி மகிழ, தாம் மட்டும் பூங்கா இருக்கையில் தனியே அமர்ந்திருந்த நாள்களில்தான் அவ்வெண்ணம் தமக்கு உதித்ததெனக் கூறியவர். குடும்பத்தார் அனைவரும் சேர்ந்து மகிழ ஓரிடம் வேண்டும் என்பதே அவர் ஏக்கம்.

அத்தண்டவாள வண்டி இயங்கும் விதத்தையும் சற்று எண்ணிப் பாருங்கள். பெரும்பாலான வண்டிகளில் பொறி கிடையாது. தொடக்கத்தில் ஒரு சங்கிலி அதை உயரே இழுத்துச் சென்று உச்சியில் விட்டுவிடுகிறது. அதன்பின் எல்லா ஓட்டமும் அவ்வுயரத்தில் சேர்த்த வலுவால் நிகழ்வதே. உராய்வும் காற்றும் அவ்வலுவைச் சிறுகச் சிறுகத் தின்றுவிடுவதால், அடுத்துவரும் மேடுகள் முதல் மேட்டைவிடத் தாழ்வாகவே அமைக்கப்படுகின்றன. மீண்டும் உயரம் ஏற வேண்டுமாயின் மீண்டும் இழுத்தாக வேண்டும். திருமண நாளின் ஏற்றம் ஒன்றே ஆயுள் முழுமைக்கும் போதுமென எண்ணும் தம்பதியர் எத்தனை பேர்! சண்டையில்லை, சச்சரவில்லை, எனினும் கடனும் களைப்பும் இரவுப் பணியும் உராய்ந்து உராய்ந்து வேகம் குன்றுகிறது. ஒருநாள் வண்டி நடுவழியில் நின்ற பிறகே நாம் திடுக்கிடுகிறோம்.

அதற்காக எல்லாரும் பிடதிக்குப் புறப்படுங்கள் என்று நாம் சொல்லவில்லை. கடன் வாங்கிக் கேளிக்கை வேண்டா. அம்மையாரின் கணக்கிலும் நியாயம் உண்டு. அத்தம்பதியர் அன்று பெற்ற பேறு வண்டியில் கிடைத்ததன்று, வரிசையில் கிடைத்தது. அவ்வரிசைக்குக் கட்டணம் தேவையில்லை. நம் ஏரிக்கரையிலும் கோவில் வளாகத்து வேப்பமரத்தடியிலும் அது கிடைக்கும்.

ஷிப்டில் பணிபுரியும் நம் பங்கு மக்களுக்குச் சில சொல்வோம். இருவர் ஷிப்ட் அட்டவணையையும் ஒரே தாளில் எழுதிச் சமையலறைச் சுவரில் ஒட்டுங்கள்; இருவரும் விழித்திருக்கும் நேரத்தை அதில் சிவப்பு மையால் குறியுங்கள். அந்நேரத்தில் கைபேசி உறங்கட்டும். திங்களுக்கு ஒரு பொது விடுமுறையேனும் அமையுமாறு மேற்பார்வையாளரிடம் கேட்பதில் நாணம் வேண்டா. இன்பச் செய்தியைக் காலையில் சொல்லலாம். துயரச் செய்தியாயின் உறங்குபவரை எழுப்பிச் சொல்லுங்கள். எழுப்பப்படுவது இல்லறத்தாரின் உரிமை. பெற்றோரே, மாமியாரே, "ஏன் இன்னும் பிள்ளையில்லை?" என்று கேட்கும் முன், நாம் அறியாத கண்ணீர் ஒன்று அவ்வீட்டில் இருக்கக்கூடும் என நினையுங்கள். பங்குக் குருக்களாகிய நாமும் நினைக்கிறோம்.

அன்று மாலை அவர்கள் இராட்சத இராட்டினத்தில் மட்டும் ஏறினார்களாம். உச்சியில் அது சற்று நின்றபோது கீழே விளக்குகள் எரியத் தொடங்கியிருந்தன. திரும்பும் வழியில், தேன்கனிக்கோட்டை வந்து சேரும் வரை, இருவரும் கண்ணயரவேயில்லை.

ஜனவரியில் ஒரு வார நாள் காலை, பிறவாது போன அச்சிற்றுயிரையும் அதன் பெற்றோரையும் நினைந்து திருப்பலி ஒப்புக்கொடுத்தோம். கோவிலில் பத்துப் பேர் கூட இல்லை. கணவர் இரவு ஷிப்ட் முடித்து நேரே வந்திருந்தார். மனைவி காலை ஷிப்டுக்கு விடுப்பு எடுத்திருந்தார். அவர்கள் சொல்லியிருக்க வேண்டும். தம் சிற்றூரிலிருந்து முதல் பேருந்தைப் பிடித்து அவ்வம்மையாரும் வந்திருந்தார். நம்மிடம் ஒன்றும் பேசவில்லை. மருமகளின் அருகே முழந்தாளிட்டு, தம் போர்வையின் ஒரு பாதியை அவர் தோள்மீது போர்த்தினார்.

இறைவன் உங்கள் இல்லங்களுக்குச் சேர்ந்து விழித்திருக்கும் வேளையை அருள்வாராக. அடுத்த திங்கள் சந்திப்போம்.