எந்த நிலத்தில் வீடு?

புக்கிட் கியாரா ரப்பர் தோட்டத்தை அரசாங்கம் எடுத்துக்கொண்டபின், அங்கு பால்மரம் சீவிய குடும்பங்கள் 1980-களில் கோலாலம்பூர் தாமான் துன் டாக்டர் இஸ்மாயிலில் நீண்ட வீடுகளில் குடியேற்றப்பட்டன. தற்காலிகம்தான் என்றார்கள். நாற்பது ஆண்டுத் தற்காலிகம்!

2017-இல் பக்கத்துப் பூங்கா நிலத்தில் விற்பனைக்கான அடுக்குமாடிகள் கட்ட மாநகர் மன்றம் அனுமதி தந்தது. இவர்களுக்குரிய வீடுகளும் அதே திட்டத்தில். அக்கம்பக்கத்தார் வழக்குத் தொடுத்தனர். 2023-இல் கூட்டரசு நீதிமன்றம் அனுமதி செல்லாதென்றது. நகரத் திட்டத்தில் பூங்கா என்றிருப்பதைக் காரணம் சொல்லாமல் டத்தோ பண்டார் மீறலாகாது.

நியாயமான தீர்ப்புதான். ஆனால், ஏழைத் தொழிலாளியின் வீட்டை அந்த மாடிகளோடு முடிச்சுப் போட்டவர்களை என்ன சொல்வது? மாடிகள் நின்றபோது அந்த வீடும் நின்றது.

உங்களுக்கு வீடு தருகிறோம் என்று யார் வந்தாலும், எந்த நிலத்தில் என்று முதலில் கேளுங்கள். திட்ட வரைபடத்தையும் காட்டச் சொல்லுங்கள்.