மிடில்செக்ஸை முடித்தது ரயில்

லண்டன் தமிழர்கள் நெருங்கி வாழும் ஹாரோ, வெம்பிளி, ஆல்பர்ட்டன் எல்லாம் 1965 வரை மிடில்செக்ஸ் கவுண்டியில் இருந்தவை. அந்த ஆண்டு ஏப்ரல் 1 அன்று சட்டம் அந்தக் கவுண்டியைக் கொன்றுவிட்டது என்று இன்னமும் குறைபட்டுக்கொள்பவர்கள் உண்டு. என்னைக் கேட்டால், கொன்றது ரயில். சட்டம் இறப்புச் சான்றிதழ் மட்டுமே எழுதியது. தேம்ஸுக்கு வடக்கே, கோல்ன், லீ ஆறுகளுக்கு நடுவே இருந்த அந்தக் களிமண் பூமி, லண்டன் குதிரைகளுக்குக் காய்ந்த புல் அனுப்பிப் பிழைத்தது. 1880இல் மெட்ரோபாலிட்டன் ரயில் ஹாரோவைத் தொட்டது. அதன்பின் புல்வெளிகள் ஒவ்வொன்றாக வீட்டு மனைகளாயின. ரயில் கம்பெனியே மனை விற்றது. 1951 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 22 லட்சத்தைத் தாண்டிவிட்டது.

சர்ரேக்கும் கென்டுக்கும் ரயில் போகவில்லையா, அவை பிழைக்கவில்லையா என்று கேட்கலாம். அவை பெரியவை, லண்டனிடம் ஓரங்களை மட்டுமே இழந்தன. ரட்லண்டுக்கு அடுத்தபடி இங்கிலாந்தின் மிகச் சிறிய பழைய கவுண்டியான மிடில்செக்ஸுக்குப் பின்வாங்க இடமில்லை. சென்னையோடு ஒப்பிட்டுப் பாருங்கள்: 2018இல் ஆலந்தூரும் அம்பத்தூரும் சென்னை மாவட்டத்தில் சேர்ந்தபோது காஞ்சிபுரத்துக்கும் திருவள்ளூருக்கும் கிராமங்கள் மிஞ்சின. மிடில்செக்ஸில் ஸ்டெயின்ஸ் சர்ரேக்கும் பாட்டர்ஸ் பார் ஹெர்ட்ஃபோர்ட்ஷயருக்கும் போக, மற்றதெல்லாம் லண்டன். பெயர் மட்டும் லார்ட்ஸ் மைதானத்தில் இன்னும் கிரிக்கெட் ஆடுகிறது.