இருதய நோயாளியின் பதிவு கணினிக்கு வரட்டும். ஆனால் துரையின் கைக்கு வேண்டாம்

அரச வைத்தியசாலையில் இருதய சத்திரசிகிச்சைக்குக் கட்டணம் இல்லை. இருந்தும் நம் மக்களுக்குக் கண்டியும் கொழும்பும் தூரமாகவே இருக்கின்றன. இந்தத் தூரத்துக்குப் பஸ் கட்டணம் மட்டும் காரணம் அல்ல, பதிவும் ஒரு காரணம்.

பல லயத்து வீடுகளுக்கு இலக்கமோ வீதிப் பெயரோ கிடையாது. பல தோட்டங்களில் தபால் இன்னும் காரியாலயத்துக்கே வருகிறது. சத்திரசிகிச்சைத் திகதி குறித்த கடிதம் அங்கே கிடந்து பிந்தினால் அந்தத் திகதி கைவிட்டுப் போகும். ஒரே பெயரில் ஒரு தோட்டத்தில் பலர் இருக்கிறார்கள். அந்தப் பெயரே அடையாள அட்டையில் ஒரு மாதிரியும் கிளினிக் கொப்பியில் வேறு மாதிரியும் எழுதப்படுகிறது.

சத்திரசிகிச்சையோடு வேலை முடிவதில்லை. செயற்கை உலோக வால்வு பொருத்தியவர் வாழ்நாள் முழுக்க வார்ஃபரின் குடிக்க வேண்டும்; அளவு சரியா என்று அடிக்கடி இரத்தம் சோதிக்க வேண்டும். குறைந்தால் இரத்தம் உறையும், கூடினால் இரத்தப்போக்கு ஏற்படும். பல் பிடுங்கும் வைத்தியருக்கும் வால்வு இருப்பது தெரிய வேண்டும். இத்தனையும் மழையில் நனையும் ஒரு கொப்பியில் மட்டும் இருப்பது சரியா?

சில அரச வைத்தியசாலைகளில் கணினிப் பதிவு ஏற்கெனவே நடக்கிறது. அது மலையகம் முழுவதற்கும் வரவேண்டும். நம் கோரிக்கைகள் இவை:

1. பெயரை வைத்துத் தேடாமல், ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரே சுகாதார இலக்கம் வேண்டும். எந்த வைத்தியசாலைக்குப் போனாலும் அதைக்கொண்டு பதிவைப் பார்க்க முடிய வேண்டும்.

2. சத்திரசிகிச்சைத் திகதியும் கிளினிக் திகதியும் நோயாளியின் தொலைபேசிக்குத் தமிழில் வரவேண்டும்.

3. தோட்ட வைத்திய உதவியாளர் கம்பனியில் சம்பளம் வாங்குபவர். சிகிச்சைக்குத் தேவையானதை மட்டுமே அவர் பார்க்கலாம். யார், எப்போது பார்த்தார் என்பதும் பதிவாக வேண்டும். நிர்வாகத்துக்கு அனுமதி கூடவே கூடாது. இருதய நோய் என்று தெரிந்ததும் ஒருவரை வேலையிலிருந்து ஒதுக்க அது வழியாகிவிடும்.

அதுவரை கிளினிக் கொப்பியையும் வைத்தியசாலையில் தரும் டிக்கட்டையும் பொலித்தீன் பையில் போட்டுப் பத்திரமாக வையுங்கள். அவற்றைத் தொலைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கிளினிக் போகும்போது தொலைபேசி இலக்கத்தைச் சரியாக எழுதச் சொல்லுங்கள். திகதி தவறிப்போன குடும்பங்கள் தோட்டத் தலைவர் தலைவியரிடம் விபரம் கொடுங்கள். அந்த விபரங்களோடுதான் சங்கம் சுகாதார அதிகாரிகளிடம் பேச முடியும்.