எழுபது வளைவா, வாய்க்கால் மேடா?

சகோதரிகளே, அரையாண்டுப் பரீட்சை முடிந்து லீவு விட்டாச்சு என்றால் நம்ம வீடுகளில் அடுப்பு அணையாது! பெங்களூரு, சென்னை என்று வெளியூரில் இருக்கிற அண்ணன் பிள்ளைகள், நாத்தனார் பிள்ளைகள் எல்லாம் அம்மாயி வீடு, அப்பத்தா வீடு என்று வந்து இறங்கிவிடுவார்கள். கிணற்றில் குதிப்பதும் புளியங்காய் அடிப்பதுமாக லீவு கழிந்த காலம் போய், இப்போது வருகிற பிள்ளைகள் காரின் பின்னால் சைக்கிளையும் கட்டிக்கொண்டு வருகிறார்கள். அகலமான டயரும், கியரும், முன்பக்கம் ஸ்பிரிங்குமாக மலையில் ஓட்டுகிற சைக்கிள்!

திருச்செங்கோட்டுப் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். அவர் வீட்டுக்கு வருகிற அண்ணன் மகன்கள் மூன்று பேரும் கொல்லிமலைக்கு சைக்கிளில் போயே தீருவோம் என்கிறார்களாம். “எழுபது வளைவு என்றாலே எனக்கு வயிற்றில் புளியைக் கரைக்கிறது. ஏற்காடு போகச் சொல்லலாமா, இல்லை காவிரிக் கரையோடு நிறுத்திக்கொள்ளச் சொல்லலாமா? என் பெண் ஒன்பதாவது படிக்கிறாள். அவளும் வருகிறேன் என்கிறாள். ‘பொட்டைப் பிள்ளை வீட்டோட இருக்கட்டும்’ என்கிறார் மாமியார். என்ன செய்யட்டும்?” என்று கேட்டிருக்கிறார். நம்மில் பல பேருக்கு இருக்கிற கவலைதான் இது. அதனால் இந்த முறை நம் பக்கம் முழுக்க இதற்கே!

முதலில் ஒரு பழைய கதை. மலையில் சைக்கிள் ஓட்டுகிற இந்த விளையாட்டு அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தில், சான் பிரான்சிஸ்கோவுக்கு வடக்கே இருக்கிற டமல்பாய்ஸ் மலைப் பக்கத்தில் 1970களில் வளர்ந்தது. அங்கே இருந்த இளைஞர்கள் பருத்த டயர் போட்ட பழைய காலத்துக் கனமான சைக்கிள்களை மலை மேலே கொண்டுபோய், மண் பாதையில் இறக்கி ஓட்டினார்கள். அதில் ஒரு பாதை இரண்டு மைல் சொச்சத்தில் 1,300 அடி இறங்கும். பெடலைப் பின்னால் மிதித்தால் பிடிக்கிற பிரேக்தான் அந்த சைக்கிள்களில் இருந்தது. கீழே வந்து சேர்வதற்குள் பின் சக்கரத்துக் குடத்துக்குள் இருக்கிற கிரீஸ் சூட்டில் புகைந்து போய்விடுமாம். ஒவ்வொரு தடவையும் பிரித்துப் புதுக் கிரீஸ் அடைக்க வேண்டும். அதனால் அந்தப் பாதைக்கே ‘ரீபேக்’ என்று பேர் வந்துவிட்டது. அதாவது, மறுபடி அடைப்பது! 1976இல் அங்கே பந்தயமும் தொடங்கினார்கள். 1996இல் அட்லாண்டா ஒலிம்பிக்கில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் இந்தப் போட்டி சேர்க்கப்பட்டது.

இந்தக் கதையை எதற்குச் சொல்கிறேன் என்றால், மலை சைக்கிளில் பயப்பட வேண்டியது ஏற்றத்துக்கு அல்ல, இறக்கத்துக்கு! ஏறும்போது முடியவில்லை என்றால் இறங்கித் தள்ளிக்கொண்டு போகலாம், நிழலில் உட்காரலாம். நஷ்டம் ஒன்றும் இல்லை. இறங்கும்போது பிரேக் கைவிட்டால் உட்கார நேரம் கிடைக்காது. அதனால் ‘எந்த மலை பேர் பெற்றது’ என்று பார்த்து இடம் தேடாதீர்கள். ‘நம் கூட்டத்தில் யாருக்குப் பழக்கம் குறைவோ, அந்தப் பிள்ளை பயமில்லாமல் இறங்கி வரக்கூடிய இடம் எது?’ என்று பாருங்கள். இதை மனசில் வைத்துக்கொண்டு நம்ம பக்கத்து மூன்று இடங்களையும் பார்ப்போமா?

கொல்லிமலை: அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து மேலே போகிற ரோட்டில் 70 கொண்டை ஊசி வளைவுகள். சமவெளியிலிருந்து ஏறத்தாழ 3,000 அடி ஏற வேண்டும். வளைவுக்கு வளைவு பஸ்ஸும் வேனும் முழு ரோட்டையும் அடைத்துக்கொண்டு திரும்பும். புதிதாக ஓட்டுகிற பிள்ளைகளுக்கு இந்த ரோடு வேண்டவே வேண்டாம். அதற்காகக் கொல்லிமலையையே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். சைக்கிள்களைக் குட்டியானை வண்டியில் ஏற்றி மேலே கொண்டுபோய்விடுங்கள். சோளக்காடு, வல்வில் ஓரி சிலை இருக்கிற செம்மேடு, அங்கிருந்து அறப்பளீஸ்வரர் கோயில் போகிற ரோடு என்று மேலே ஏறி இறங்கி ஓட்ட எவ்வளவோ இடம் இருக்கிறது. வளப்பூர் நாடு, வாழவந்தி நாடு என்று ஊர்களுக்கே ‘நாடு’ என்று பேர். மிளகுக் கொடியும் பலா மரமும் பள்ளத்தில் நெல் வயலுமாகக் கண்ணுக்குக் குளிர்ச்சி! ஆகாய கங்கை அருவிக்கு ஆயிரத்துக்கு மேல் படி இறங்கி ஏற வேண்டும். சைக்கிள் மிதித்த அன்றே அதையும் வைத்துக்கொண்டால் கால் பின்னிக்கொள்ளும். அதற்குத் தனி நாள் ஒதுக்குங்கள். வழியில் குரங்குகள் உண்டு. தின்பண்டப் பையை ஹேண்டில்பாரில் தொங்கவிடாதீர்கள். ஆடி 18ஐ ஒட்டி ஓரி விழாக் கூட்டம் இருக்கும். அந்த நாள்கள் சைக்கிளுக்கு ஆகாது.

ஏற்காடு: சேலத்திலிருந்து போகிற ரோட்டில் 20 வளைவுதான். ஆனால் வளைவு குறைவு என்பதற்காக ஏற்றம் குறைவு என்று நினைத்துவிடாதீர்கள்! ஏற்காடு கடல் மட்டத்துக்கு மேல் 1,515 மீட்டர். சேலத்திலிருந்து ஏறத்தாழ 4,000 அடி ஏறியாக வேண்டும். அது போக சனி, ஞாயிறில் கார்கள் எறும்பு வரிசை மாதிரி போகும். இங்கேயும் சைக்கிளை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய், மேலே சுற்றுகிற 32 கிலோமீட்டர் வட்டச் சாலையில் ஓட்டுவதுதான் சுகம். இருபுறமும் காப்பித் தோட்டம், சில்வர் ஓக் மரம், வழியெல்லாம் நிழல். ஒரே மூச்சில் முழுச் சுற்றும் சுற்ற வேண்டும் என்று சட்டமா என்ன? பாதியில் திரும்பலாம். தோட்டத்துக்குள்ளே போகிற மண் பாதைகள் தனியார் இடம். கேட்காமல் நுழையக் கூடாது. காட்டுப் பாதை என்றால் வனத்துறையிடம் அனுமதி கேட்க வேண்டும். காட்டெருமை நடமாடுகிற மலை என்பதால் இருட்டும் முன்னே தங்குமிடம் வந்துவிட வேண்டும். மே மாதக் கோடை விழாச் சமயத்தில் சைக்கிளோடு போவதைவிட வீட்டில் இருப்பதே மேல்.

காவிரிக் கரை: என்னைக் கேட்டால் முதல் பயணத்துக்கு இதுதான் நல்லது என்பேன். ஜேடர்பாளையம் படுகையணையிலிருந்து ராஜவாய்க்கால் பிரிகிறது. பரமத்தி வேலூர், மோகனூர் வரைக்கும் வாய்க்கால் பாசனம். தென்னை, வாழை, வெற்றிலைக் கொடிக்கால் என்று பச்சைப் பசேல் என்று இருக்கும். ஏற்றம் என்று சொல்ல ஒன்றும் இல்லை. வாய்க்கால் மேட்டு மண் பாதையில் அகலமான டயர் சைக்கிள் மெத்தையில் போவது போலப் போகும். குழி, மேடு, சேறு, சரளை எல்லாவற்றிலும் சைக்கிளைக் கட்டுப்படுத்தப் பிள்ளைகள் பழகிக்கொள்ள இதைவிட நல்ல இடம் ஏது? இங்கே இரண்டு எச்சரிக்கைதான். ஒன்று முள். சீமைக்கருவேல முள்ளும் நெருஞ்சியும் எந்த விலை டயரையும் விடாது. மாற்று ட்யூப், பஞ்சர் ஒட்டுகிற சாமான், கைப்பம்பு மூன்றும் கட்டாயம். இரண்டாவது தண்ணீர். மேட்டூர் அணையைத் திறந்துவிட்டால் ஆறு கண் இமைக்கும் நேரத்தில் ஆளை இழுத்துவிடும். வியர்த்து வந்த பிள்ளைகளுக்கு ஆற்றைக் கண்டால் குதிக்கத் தோன்றும். குளியல் வேண்டாம் என்று கிளம்பும் முன்பே கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்.

ஆகவே திருச்செங்கோட்டுச் சகோதரிக்கு என் யோசனை இதுதான். முதல் இரண்டு நாள் காவிரிக் கரை. அதில் எல்லோருக்கும் கை பழகினால் மூன்றாவது நாள் வண்டியில் சைக்கிளை ஏற்றிக்கொண்டு ஏற்காடோ கொல்லிமலையோ போய் மேலே ஓட்டட்டும். மலைப்பாதையில் இறங்கி வருவதை இந்த லீவில் பேச்சே எடுக்க வேண்டாம். “எழுபது வளைவு ஓட்டினோம்” என்று ஊரில் போய்ப் பெருமை பேச அந்தப் பையன்களுக்கு இன்னும் எத்தனையோ லீவு இருக்கிறதே!

பெண்ணை அனுப்பலாமா என்பதற்கு வருகிறேன். அவள் தினமும் பள்ளிக்கு சைக்கிளில்தான் போகிறாள் என்று அந்தச் சகோதரியே எழுதியிருக்கிறார். அப்படியானால் லாரிக்கு ஒதுங்கவும், எதிர்க் காற்றில் மிதிக்கவும், புத்தக மூட்டையோடு பேலன்ஸ் பண்ணவும் அவளுக்குத் தெரியும். வருஷம் முழுக்க ஓட்டுகிற அவளை வீட்டில் நிறுத்திவிட்டு, லீவுக்கு மட்டும் ஓட்டுகிற பையன்களை அனுப்புவது எந்த ஊர் நியாயம்? 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிளையும் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தது. அப்போது ஷீலாராணி சுங்கத் அங்கே கலெக்டராக இருந்தார். 1992 மகளிர் தினத்தன்று 1,500க்கு மேற்பட்ட பெண்கள் ஊர்வலமாக சைக்கிள் ஓட்டி வந்தார்கள். கல் உடைக்கிற பெண்களும் வயல் வேலை செய்கிற பெண்களும் ஊர் கேலியைக் காதில் போட்டுக்கொள்ளாமல் கற்றுக்கொண்டார்கள். நம் மாநிலத்தில் 2001-02இல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்கு என்று ஆரம்பித்த இலவச சைக்கிள் திட்டம் பிறகு மற்றப் பிள்ளைகளுக்கும் விரிந்தது. பள்ளிக்குப் போக சைக்கிள் சரி, சந்தோஷத்துக்குப் போகக் கூடாதா? மாமியாரிடம் சண்டை வேண்டாம். “அத்தை, பையன்கள் அடங்கிப் போக வேண்டுமென்றால் பொறுப்பான பிள்ளை ஒன்று கூட இருப்பது நல்லதுதானே” என்று சொல்லிப் பாருங்கள். முடிந்தால் நீங்களும் ஒரு சைக்கிளை எடுத்துக்கொண்டு காவிரிக் கரைக்குக் கிளம்புங்களேன்! குரங்குப்பெடல் போட்டுப் பழகிய கால் மறக்காது.

மாதவிலக்கு நாளாக இருந்தால் ஓட்டலாமா என்று சில பேர் கேட்கலாம். வலியோ அதிகப் போக்கோ இல்லாவிட்டால் தாராளமாக ஓட்டலாம். மூட்டு வலிக்காரர்களுக்கு ஒரு வார்த்தை: சீட் தாழ்வாக இருந்தால் முட்டிக்குத்தான் பாரம். சீட்டில் உட்கார்ந்து, கீழே இருக்கிற பெடலில் குதிகாலை வைத்தால் கால் நேராக நீள வேண்டும். அதுதான் சரியான உயரம். ஏற்றம் வந்த பிறகு கியர் மாற்றாமல், ஏற்றத்துக்கு முன்பே லேசான கியருக்கு வந்துவிட வேண்டும். ரத்த அழுத்தமோ இழுப்போ இருந்தால் டாக்டரைக் கேட்காமல் மலைப் பக்கம் போக வேண்டாம்.

கிளம்பும் முன் நாம் பார்க்க வேண்டியவை:

பிரேக் கட்டை தேய்ந்திருக்கிறதா, ஒயர் பிரிந்திருக்கிறதா என்று சைக்கிள் கடையில் காட்டிவிடுங்கள். சின்ன இறக்கத்தில்கூட பிரேக்கை விடாமல் அழுத்திப் பிடிக்கக் கூடாது. பிடித்துப் பிடித்து விட வேண்டும். இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும். முன் பிரேக்கை மட்டும் வெடுக்கென்று பிடித்தால் ஆள் ஹேண்டில்பாருக்கு மேலே போய் விழுவார்!

ஹெல்மெட் போடாமல் ஒரு பிள்ளையும் வாசலைத் தாண்டக் கூடாது. கியர் சைக்கிள் பலவற்றில் செயின் கவர் இருக்காது. சுடிதார் காலை ரப்பர் பாண்டு போட்டு இறுக்கிவிடுங்கள். துப்பட்டா வீட்டிலேயே இருக்கட்டும்.

சாப்பாட்டுக்கு நம்ம நாமக்கல் முட்டையை வேகவைத்துக் கொடுங்கள். அதோடு வாழைப்பழம், கடலை உருண்டை, எள்ளுருண்டை போதும். பிரியாணி எல்லாம் திரும்பி வந்த பிறகு! தாகம் எடுக்கும்வரை காத்திராமல் அடிக்கடி இரண்டு வாய் தண்ணீர் குடிக்க வேண்டும். ரொம்ப வியர்த்துச் சோர்ந்தால், காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் டீஸ்பூனால் தலைதட்டி ஆறு ஸ்பூன் சர்க்கரையும் அரை ஸ்பூன் உப்பும் கலந்து கொடுங்கள்.

விழுந்து சிராய்த்தால் காப்பித்தூள், மஞ்சள்தூள் எதையும் அப்பாதீர்கள். சுத்தமான தண்ணீரில் மண் போகக் கழுவி, சுத்தமான துணியால் அழுத்திக் கட்டி டாக்டரிடம் காட்டுங்கள். தலையில் அடிபட்டு வாந்தி, தூக்கக் கலக்கம் ஏதாவது தெரிந்தால் உடனே 108க்குப் போன் பண்ணிவிட வேண்டும்.

இத்தனையும் படித்துவிட்டு, “அடேயப்பா, இதற்கு வீட்டில் டிவி பார்க்கட்டுமே” என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள், சகோதரிகளே! வாய்க்கால் மேட்டில் நாலு மைல் மிதித்துவிட்டு வந்த பிள்ளைகள் ராத்திரி போட்ட சாப்பாட்டை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டு, சொன்னவுடனே படுத்துத் தூங்குவார்கள். அதற்காகவே அனுப்பலாம்!